பின் சீட்டில் தூங்கியவர்கள்

நடுச்செவலில் அந்த இத்தாலிக் காரை வாங்கலாமா என்று கேட்ட இடத்தில் எல்லாம் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். டீக்கடை சுடலைமணி வேண்டாம் என்றான், தபால்காரர் வேண்டாம் என்றார், வாழ்நாளில் ஒருமுறைகூடக் காரில் ஏறியிராத பூக்காரிகூட முழம் போட்டுக்கொண்டே வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் தங்கபுஷ்பத்தின் புருஷன் வெயிலுமுத்து. அந்தக் காரில் போய்வரப்போகிறவர் அவர்தான் என்பதால், மற்றவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

வெயிலுமுத்து இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். போகும்போது இரண்டு பஸ், வரும்போது இரண்டு பஸ். வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஊசி குத்திய கை தொங்கும், கயத்தாறு வருவதற்குள் முகம் சாம்பல் பூத்துவிடும், யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அந்த ஆளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வராது. வீட்டுக்கு வந்தால் தூக்கம் கிடையாது. உடம்பெல்லாம் அரிக்கும், காலை நரம்பு சுண்டி இழுக்கும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருந்ததால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பாயில் ஒரு பக்கம் புரண்டு மறுபக்கம் புரண்டு விடிவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், பக்கத்தில் தங்கபுஷ்பமும் தூங்காமல் அவர் புரள்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். மகளிர் குழுவின் லோடு ஆட்டோவை ஆறு வருஷம் ஓட்டி, கத்திரிக்காயும் வெங்காயமும் கொண்டுபோய்க் கோவில்பட்டி மார்க்கெட்டில் இறக்கியவள். அதனால்தான் கார் என்ற பேச்சே வந்தது.

அந்தக் கார் மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் இருந்தது. சாம்பல் கலந்த நீலம். மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் காட்டியது. ஒரு கறவை மாட்டை விற்றால் வாங்கிவிடலாம் என்கிற விலைக்கு அவர் தருவதாகச் சொன்னதே எல்லோருக்கும் சந்தேகத்தைக் கொடுத்தது. கோவில்பட்டி மெக்கானிக் குரூஸைக் கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். குரூஸ் பானட்டைத் திறந்து, அடியில் படுத்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“அக்கா, இஞ்சினைக் குறை சொல்ல முடியாது, கல்லு மாதிரி இருக்கு. ஆனா இந்த வயரெல்லாம் ஓட்டிப் பாத்துதான் தெரியும். ஒரு சின்னச் சாமான் போச்சுன்னா கோயம்புத்தூர்ல கேக்கணும், பூனாவுல கேக்கணும், வாரவரைக்கும் வண்டி நிக்கணும். மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. மனுசனா இருந்தா பென்ஷன் வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பான்.”

வெயிலுமுத்து அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பின் கதவைத் திறந்து சாத்தினார், திரும்பத் திறந்து சாத்தினார், கனமான அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உள்ளே ஏறிச் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடினார்.

“புஷ்பம்,” என்றார் கண்ணைத் திறக்காமல். “இருபத்தாறு வருசம் வண்டியிலேயே கிடந்தேன். இப்படி ஒரு சீட்டுல உக்காந்ததில்ல.”

அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. இரண்டாம் வாரம் புதன்கிழமை, திருநெல்வேலியிலிருந்து திரும்பி, வெயில் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டரை மணி வாக்கில், ஊர் முக்கில் டீக்கடைக்கு எதிரே வண்டி தானாக அணைந்து நின்றது. தங்கபுஷ்பம் சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போது பின்னால் இடது பக்கக் கதவு திறந்தது. வலது பக்கம் சாய்ந்திருந்த வெயிலுமுத்து காலை மடக்கி வழிவிட, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர், ஒரு கையில் தோல்பையும் இன்னொரு கையில் பரிசுக் காகிதம் சுற்றிய குக்கர் பெட்டியுமாக இறங்கி, முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தார்.

“திண்டுக்கல் தாண்டிட்டோமா?” என்று கேட்டார்.

சுடலைமணி கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். “அது தாண்டி ரொம்ப நேரம் ஆச்சு அண்ணாச்சி. வாங்க, உக்காருங்க. டீயா, காப்பியா?”

அவர் அக்கா மகள் கல்யாணத்துக்காகத் திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு வாடகைக் காரில் கிளம்பியவர். நாலு நாள் ஓயாத கணக்கு முடிப்பு வேலைக்குப் பிறகு ஏறி உட்கார்ந்ததால், மணப்பாறை தாண்டியதும் கண் அசந்துவிட்டது. அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். சுடலைமணியின் போனிலிருந்து அக்கா வீட்டுக்குப் பேசினார். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை, பிறகு இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அரைமணி நேரம் திட்டு. கல்யாணப் பெண்ணுக்குப் பிறந்த பையன் இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிறானாம். டீக்குக் கொடுக்க அவர் பையிலிருந்து எடுத்த ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாத பழைய நோட்டு. சுடலைமணி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, “இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றான். நாலரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். குக்கரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் இறங்கினார். அதற்கடுத்த திங்கட்கிழமை, தலையில் வைத்த பிச்சிப்பூ வாடாமல், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள். பிறகு, யார் ஜெயித்தது என்று இறங்கின உடனே கேட்ட கட்சிக்காரர். அவருக்குப் பதில் சொன்னபோது, எந்தத் தேர்தலைக் கேட்கிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பெண். மூன்று பிரசவம் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு ஏறிய நர்ஸ். எல்லோருமே ஏதோ ஒரு நாளில், உடம்பு இனித் தாங்காது என்கிற அளவுக்குக் களைத்து, அந்த வண்டியில் ஏறித் தூங்கியவர்கள். ஊர் வந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டே இருந்தவர்கள். மதுரை டிராவல்ஸ்காரரிடம் போனில் கேட்டதற்கு அவர் சலித்துக்கொண்டார்.

“வாடகை தராம இடையிலேயே இறங்கி ஓடிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். எத்தனை பேரை ஏசியிருக்கேன் தெரியுமா? பாவம்.”

ஊர் முதலில் கூடிப் பேசியது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, காரிலிருந்து இறங்குகிறவர்களுக்கு என்று தனியாகப் படிவம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் அரைநாள் விசாரணை நடந்தது. பிறகு காணாமல் போனவர் வந்து சேர்ந்தார் என்று ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒரு அட்டையில் பஸ் நேரங்களை எழுதி டீக்கடையில் தொங்கவிட்டார், அதற்குக் கீழேயே இன்ன நோட்டு செல்லாது, சிம் கார்டு வேலை செய்யாது, வீட்டுக்குப் பேசும்போது முதலில் உட்கார்ந்துகொள்ளவும் என்றும் எழுதினார். அப்பா அம்மா இருக்கிறார்களா என்று அவர்கள் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்லாமல், சாப்பிட வைத்த பிறகு சொல்வது என்று பெண்கள் தங்களுக்குள் முடிவுசெய்தார்கள். ஒவ்வொரு வீடாக முறைவைத்துச் சோறு போட்டார்கள். மேலத்தெருவில் சாப்பிட வைக்கலாமா கீழத்தெருவிலா என்று ஒருநாள் சண்டை வந்தது. வந்தவர் பசி தாங்காமல் டீக்கடையிலேயே ஆறு பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டதால், அந்தச் சண்டை அன்றைக்கே ஓய்ந்தது.

மூன்று மாதத்தில் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. அதிசயம் என்று யாரும் எழுந்து வரவில்லை. டிவி பார்த்துக்கொண்டே, “இன்னைக்கு யாரு மைனி?” என்று கேட்பார்கள். “ஒரு பேங்க்காரர்” என்பாள் தங்கபுஷ்பம். “சோறு இருக்கா?” “இருக்கு.” அவ்வளவுதான்.

பழகாதது வண்டிதான். மழை நாளில் ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடி பாதி இறங்கினால் அப்படியே நின்றுகொள்ளும். ஒருநாள் கயத்தாறு சந்தையில் ஆரன் தானாக அலற ஆரம்பித்து, குரூஸ் போனில் சொல்லச் சொல்ல அவள் வயரைப் பிடுங்கி அணைத்தாள். சாமான் வராத பத்து நாள் பழையபடி பஸ்ஸில் போனார்கள். அப்போதெல்லாம் வெயிலுமுத்து, “வண்டி வரட்டும், வண்டி வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குள் செய்தி பரவி, வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டோவை வைத்துக்கொண்டு, காணாமல் போன புருஷனையோ மகளையோ தேடி, வண்டி வரும் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாட்களும் பஸ் நிறுத்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் எல்லோரும் எழுந்திருப்பார்கள். இறங்குகிற ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருவரைத் தவிர மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பல நாட்களில் எல்லோருமே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒருநாளும் தவறாமல் வந்தவள் சங்கரன்கோவில் பக்கத்து ஆவுடையம்மாள். அவளுடைய மகன் இசக்கிராஜா வேலைக்கு நேர்காணலுக்காக மதுரைக்குப் போய், திரும்பும்போது நாலு பேராகச் சேர்ந்து வாடகைக் கார் பிடித்தான் என்பதுவரை தெரிந்தது. மற்ற மூன்று பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷினில் இருந்தபோது வெயிலுமுத்துவுக்குக் கால் நரம்பு இழுத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது பேசத் தெம்பில்லை. பின் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்தார். கங்கைகொண்டான் தாண்டியதும் பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம். தங்கபுஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுந்துவிடக் கூடாதே என்று வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றி, பின்னால் லாரிகள் ஆரன் அடிக்க அடிக்க ஓரமாகவே ஓட்டி வந்தாள். கயத்தாறு தாண்டியதும் குறட்டை நின்றது. நல்ல தூக்கம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

ஊர் முக்கில் கதவு திறந்து, கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டியோடு ஒரு வயதான அம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சீட்டில் துண்டு இருந்தது, கீழே செருப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தபடி ஸ்டீயரிங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். சுடலைமணி கடையிலிருந்து வந்து சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அண்ணாச்சி எங்க மைனி?”

“உள்ள தூங்குறாக,” என்றாள்.

அவன் அந்த அம்மாளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தான். ஊரில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் வரவில்லை என்று போன் செய்தார்கள். தூங்குகிறார் என்று அங்கேயும் சொன்னாள். எழுந்ததும் கூட்டிக்கொண்டு வாங்க, விட்டால் ஆபத்து என்றார்கள். சரி என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் வாரத்தில் அந்த மூன்று நாளும் வண்டியை எடுத்தாள். காலியான பின் சீட்டோடு திருநெல்வேலிவரை போய், ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு, அதே ரோட்டில் திரும்பினாள், ஏனென்றால் அந்த நாட்களில், அந்த ரோட்டில், அந்த வழியாகத் திரும்பும்போதுதான் ஆட்கள் இறங்கினார்கள். இறங்குகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள். உள்ளே எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்கும்போது பக்கத்தில் இருப்பவரை யார் பார்க்கிறார்கள் என்றார்கள். ஒரே ஒரு பெண், நூல் மில்லில் இரவு பகல் சேர்த்து வேலை பார்த்துவிட்டு வந்தவள், யோசித்துச் சொன்னாள்:

“ஜன்னல் ஓரமா ஒருத்தர் இருந்தார்க்கா. கையில துணி சுத்தியிருந்தது. நடுவுல ஒருதரம் முழிச்சப்ப பாத்தேன். வாயைத் திறந்துட்டு, பச்சப்பிள்ளை மாதிரி தூங்கினாரு. அவரைத் தட்டாம நகந்து உக்காந்துக்கிட்டேன்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போன தங்கபுஷ்பம் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினாள். அடுத்த திங்கட்கிழமை எடுக்கவில்லை. புதனும் எடுக்கவில்லை. ஊசி இல்லை, அரிப்பு இல்லை, தாகம் இல்லை, பாவம் மனுசன் தூங்கட்டும் என்று இருந்தாள். அக்கம்பக்கத்திலும் அதைத்தான் சொன்னார்கள். அவளும் தூங்கினாள். பாயில் ஒருக்களித்தால் விடிந்துதான் கண் திறந்தது; பால்காரன் மணியடித்தும் எழவில்லை; கன்னத்தில் சதை பிடித்தது. பதினைந்தாம் நாள் காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் ஆவுடையம்மாள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வாசலில் நிழல் இருந்த பக்கமாக உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தாள்.

“வண்டி எடுக்கலியா தாயி?”

“இல்லம்மா. எடுக்க மனசு வரல.”

“ரிப்பேரா?”

“ரிப்பேரு ஒண்ணும் இல்ல. அவுக உள்ள நல்லாத் தூங்குறாகளாம். பாத்தவுக சொன்னாக. எழுப்பிக் கூட்டிட்டு வந்து திரும்ப அந்த ஊசியில போட்டுப் படுக்க வைக்கணுமேன்னு…”

ஆவுடையம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோழி வந்து செம்பைக் கொத்திவிட்டுப் போனது.

“எம்பிள்ளையும் நல்லாத்தான் தூங்குவான்,” என்றாள். “அவனுக்கு என்ன குறை. வேலை கெடைக்கலியேங்கிற கவலை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதெல்லாம் எனக்கும் தெரியும் தாயி. நல்லா இல்லாதது நான்தான். அதுக்குத்தான் தேடுதேன். வேற எதுக்கு?”

தங்கபுஷ்பம் எழுந்தாள். உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தாள்.

இரண்டு வாரம் நின்றதில் வண்டி கோபித்துக்கொண்டிருந்தது. குரூஸ் வந்து பாட்டரி மாற்றினான். ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பெட்டிக்குள் பல் தேய்ந்துவிட்டது, கிடந்து அரைக்கிறது, வேறு பெட்டி வேண்டும், அது எங்கேயும் இல்லை, இப்படியே ஓட்டினால் இத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றான். நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஓட்டினாள். கார்த்திகை போனது, மார்கழி போனது. யார் யாரோ இறங்கினார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே இறங்கினார்கள். ஒரு நாதஸ்வரக்காரர் இறங்கி, கச்சேரிக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார். தங்கபுஷ்பம் களைத்துப்போனாள், களைத்துப்போனதால் ஸ்டீயரிங்கில் கண்ணைச் சொருகும், ஜன்னலைத் திறந்து முகத்தில் காற்றை அடிக்கவிட்டுக்கொண்டு ஓட்டுவாள்.

தை மாதம் கடைசி வாரம், புதன்கிழமை, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அடியில் ஏதோ உடைந்து உருளும் சத்தம் கேட்டது. வண்டி புகையைக் கக்கிவிட்டு, சோளக்காட்டு ஓரத்தில் நின்றேவிட்டது. அவள் போன் செய்ததும் சுடலைமணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். போட்டோ வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களும் கூடவே நடந்து வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி, அதனுள் எத்தனை பேர் இருந்தார்களோ, கல்லாகக் கனத்தது. பத்தடி தள்ளுவதும் நின்று மூச்சு வாங்குவதுமாக வந்தார்கள். யாரும் கதவு திறந்த சத்தத்தைக் கவனிக்கவில்லை. வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏற்றும்போது மட்டும் திடீரென்று பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

“ஏ பிள்ள, கியரை நியூட்ரல்ல போட்டியா இல்லியா? இத்தனை பேரும் கெடந்து முக்குதோம்!”

தங்கபுஷ்பம் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். சுடலைமணிக்கும் ஆவுடையம்மாளுக்கும் நடுவில், இரண்டு கையையும் வண்டியின் பின்புறத்தில் ஊன்றி, வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலுமுத்து நின்றார்.

ஆவுடையம்மாள்தான் முதலில் கையை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வந்துட்டாரே தாயி,” என்றாள், நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பாலத்துக் கட்டைச்சுவரில் அவரை உட்கார வைத்தார்கள். “ரொம்ப நேரமா தூங்கிட்டேனோ?” என்றார்.

“நூத்துப் பத்து நாள்.”

அவர் தன் கையைப் பார்த்தார். மெஷின் ஊசிக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் விரலை வைத்தார். உள்ளே ரத்தம் வழக்கம்போல விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னும் தண்ணி அளந்துதான் குடிக்கணுமோ?”

“ஆமா.”

“நான் ஒரு ஆறு ஓரமா இருக்க மாதிரி கனா கண்டுட்டு இருந்தேன் புஷ்பம்.” கொஞ்ச நேரம் சோளக்காட்டைப் பார்த்தார். “என்னை அப்படியே விட்டிருக்கலாம்னு உனக்குத் தோணலியா?”

“தோணுச்சு,” என்றாள். “பதினஞ்சு நாள் விட்டிருந்தேன். நானும் தூங்கினேன்.”

அவர் தலையாட்டினார். “சரி,” என்றார். பிறகு, “நாளை மறுநாள் வெள்ளியில்ல? எத்தனை மணிக்குப் பஸ்ஸு?” என்றார்.

வண்டியை வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து விட்டார்கள். குரூஸ் பார்த்துவிட்டு, இனி இரும்பு விலைக்குத்தான் என்றான். போட்டோவோடு காத்திருந்தவர்கள் ஒரு வாரம் வந்து, நின்றுபோன வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள், கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வருவதை விட்டுவிட்டார்கள். மாசி பிறந்ததும் ஆவுடையம்மாள் தன் தம்பியின் டிராக்டரில் வந்து இறங்கினாள்.

“இதை எனக்குக் கொடு தாயி. வாங்கிக்கிடுதேன்.”

தங்கபுஷ்பம் அவளை உள்ளே உட்கார வைத்தாள். எல்லோரும் தன்னிடம் சொன்னதை இப்போது தான் இன்னொருத்தியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் அவளுக்கே அலுப்பாக இருந்தது.

“வேண்டாம்மா. சொன்னாக் கேளுங்க. மழையில ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடி ஏறாது. ஒரு சாமானுக்கு மாசக்கணக்கா உக்காந்திருக்கணும். பாதி நாள் ரோட்டுல நிக்கும், மீதி நாள் குரூஸ் கடையில நிக்கும். ஓட்டுறவளுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும். இதை நம்பி ஒரு நல்லநாள் பெரியநாள் கிளம்ப முடியாது.”

“ஆளு இறங்குவாங்கல்ல?”

“இறங்குவாக. உங்க ஆளான்னு எனக்குத் தெரியாது.”

“அவன் இதுலதான் ஏறினானான்னும் எனக்குத் தெரியாது,” என்றாள் ஆவுடையம்மாள். “நீ வாங்கினது வீண்னு தோணுதா?”

தங்கபுஷ்பம் உள் அறையைப் பார்த்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மறுநாளுக்கான மருந்துச் சீட்டுகளை வெயிலுமுத்து கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கேள்விக்கு ஒருநாளைக்கு ஒரு பதில் வருதும்மா,” என்றாள். “ஏறி உக்காந்தா சீட்டு நல்லாருக்கும். அதை மட்டும் நிச்சயமாச் சொல்லுவேன்.”

கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆவுடையம்மாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலுமுத்து முக்குவரை கூடவே நடந்து, எங்கே பிரேக், எப்போது மிதிக்க வேண்டும், கயிறு தொய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

எங்கேயும் இல்லை என்று குரூஸ் சொன்ன கியர் பெட்டியை ஆவுடையம்மாள் தேடிப் பிடித்து, அது பூனாவில் இருந்து வர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் வெயிலுமுத்துவும் தங்கபுஷ்பமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார்கள், சில நாட்களில் இடம் கிடைத்தது, சில நாட்களில் கிடைக்கவில்லை. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, அவர் மெஷினில் படுத்திருக்க, அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது ஆவுடையம்மாளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டன.

“தாயி, வண்டி ஓடிருச்சு. இன்னைக்கு ஒருத்தர் இறங்கினாரு.”

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். “பிள்ளையா?”

“இல்ல. ஈரோட்டுக்காரராம். துணி வியாபாரியாம்.” அந்தப் பக்கம் ஒரு தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. “மனுசன் இப்பத்தான் உக்காந்திருக்காரு. அவரு அம்மா இருக்காவளான்னு கேக்காரு. சாப்பிட்ட பொறவு சொல்லலாம்னு இருக்கேன். வச்சிரட்டா? ரசம் கொதிக்கி.”